ஃபாரோ தீவுகளின் கேஐ கிளாக்ஸ்விக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 கோடையில் ஹங்கேரி சாம்பியனையும் ஸ்வீடன் சாம்பியனையும் ஒரு சின்னத் தீவு அணி அடுத்தடுத்து வெளியேற்றியது. அன்றிலிருந்து இந்தக் கிளப்பைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடைக்கு முந்தைய நூறு வருடக் கதைக்குத்தான் அதிக இடம். அது தெரியாவிட்டால் 2023 வெறும் அதிர்ஷ்டமாகத் தெரியும்.

ஃபாரோ தீவுகள் எங்கே இருக்கின்றன? அது தனி நாடா?

ஐஸ்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து மூன்றுக்கும் நடுவே, வட அட்லாண்டிக்கில் இருக்கும் 18 தீவுகள். டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சி பெற்ற பகுதி. மொத்த மக்கள்தொகை சுமார் 54,000, நம்மூரில் ஒரு சுமாரான நகராட்சி அளவுதான். ஆனால் கால்பந்தில் அவர்களுக்கென்று சொந்த சங்கம், சொந்த லீக், சொந்த தேசிய அணி எல்லாம் உண்டு. 1988-இல் ஃபிஃபாவிலும் 1990-இல் ஐரோப்பிய கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவிலும் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு இங்கே எவ்வளவு நன்றாக ஆடினாலும் வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை.

கேஐ என்றால் என்ன? கிளாக்ஸ்விக் எப்படிப்பட்ட ஊர்?

கிளப்பின் முழுப்பெயருக்கு "கிளாக்ஸ்விக் விளையாட்டுச் சங்கம்" என்று பொருள். அதன் இரண்டு முதல் எழுத்துகள்தான் கேஐ. தொடங்கியது 1904 ஆகஸ்ட் 24. நிறம் நீலமும் வெள்ளையும்.

கிளாக்ஸ்விக் வடக்குத் தீவுகளில் ஒன்றான போர்டோயில் இருக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய ஊர், மக்கள் சுமார் 5,000 பேர். இருபுறமும் செங்குத்தான மலை, நடுவில் துறைமுகம், மீன்பிடித் தொழில். 1888-இல் தொடங்கிய ஃபோரோயா பியூர் என்ற பீர் ஆலையும் இங்கேதான். தலைநகர் டோர்ஷாவ்னில் பெரிய கிளப்புகள் இரண்டு இருப்பதால் அந்த ஊர் ரசிகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். கிளாக்ஸ்விக்கில் அந்தப் பிரச்சினையே இல்லை. ஊருக்கு ஒரே அணி, மொத்த ஊரும் அதன் பின்னால். இந்தக் கிளப்பின் பலத்தில் பாதி இதுதான் என்பது என் கருத்து.

உள்நாட்டில் எத்தனை பட்டம் வென்றிருக்கிறார்கள்?

2023 வரை 21 லீக் பட்டங்கள். பரம எதிரியான டோர்ஷாவ்னின் எச்பி கிளப்புக்கு 24. எச்பியும் அதே 1904-இல், கேஐக்குச் சில வாரங்கள் கழித்து அக்டோபரில் தொடங்கிய கிளப். இரண்டுமே ஒரே வயது, அதனால் போட்டியும் அவ்வளவு பழசு. கோப்பைப் போட்டியில் கேஐ ஆறு முறை வென்றது: 1966, 1967, 1990, 1994, 1999, 2016.

முதல் சாம்பியனே இவர்கள்தான் என்கிறார்களே?

உண்மைதான். ஃபாரோ தீவுகளின் தேசிய சாம்பியன்ஷிப் 1942-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். டென்மார்க்கை ஜெர்மனி பிடித்ததும் பிரிட்டிஷ் படை இந்தத் தீவுகளில் வந்து இறங்கியிருந்தது. அந்தச் சூழ்நிலையில் நடந்த முதல் போட்டியை வென்றது கேஐ. 1944-இல் போட்டி நடக்கவில்லை. 1945-இல் மறுபடியும் கேஐதான்.

அவர்களின் பொற்காலம் எது?

1952 முதல் 1972 வரை. இந்த 21 சீசன்களில் 13 பட்டங்கள். 1952, 53, 54 வரிசையாக மூன்று. ஒரு வருட இடைவெளி விட்டு 56, 57, 58 இன்னொரு மூன்று. 1961-இல் ஒன்று. பிறகு 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து, அதில் முதல் இரண்டு வருடங்களில் லீக்கோடு கோப்பையும். கடைசியாக 1972.

இந்த அணியை ஃபாரோவுக்கு வெளியே பார்த்தவர்கள் கிடையாது. யூஃபாவில் உறுப்பினராக இல்லாததால் ஐரோப்பியக் கோப்பைகளில் இவர்களுக்கு இடமே இல்லை. தொடர்ந்து ஐந்து முறை சாம்பியனான ஓர் அணி தன் வாழ்நாளில் ஒரு ஐரோப்பியப் போட்டிகூட ஆடாமல் முடிந்துபோனது. கிளப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் மனசு கனக்கும் பகுதி இது. நூற்றாண்டின் சிறந்த கேஐ அணி எது என்று விவாதம் வந்தால், 2023-ஐ மட்டும் சொல்லி முடிக்காமல் 1966-70 அணியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1972-க்குப் பிறகு என்ன ஆனது?

வறட்சி. அடுத்த பட்டத்துக்கு 19 வருடம் காத்திருந்தார்கள். 1991-இல் வந்தது. பிறகு 1999-இல் லீக், கோப்பை இரண்டும். அப்புறம் மறுபடியும் 20 வருட வறட்சி, 2019 வரை.

நடுவில் அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. 2009-இல் கேஐ முதல் தரத்திலிருந்து இறங்கியது. அதற்கு முன்பு இந்தக் கிளப் இரண்டாம் தரத்துக்குப் போனதே கிடையாது. 2010-ஐ அங்கே ஆடிவிட்டு அடுத்த வருடமே மேலே வந்துவிட்டார்கள். 2023-இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் கதவைத் தட்டிய அணி, பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் நாட்டின் இரண்டாம் தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஃபாரோ கால்பந்து வெளியுலகுக்கு எப்போது தெரிய வந்தது?

1990 செப்டம்பர் 12. தேசிய அணி ஒரு போட்டித் தொடரில் ஆடிய முதல் ஆட்டம், எதிரணி ஆஸ்திரியா. உள்ளூரில் சர்வதேசப் போட்டிக்கு ஏற்ற புல் மைதானம் ஒன்றுகூட இல்லாததால் "சொந்த மண்" ஆட்டத்தை ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் ஆடினார்கள். டோர்கில் நீல்சன் போட்ட ஒரே கோலில் 1-0 என்று ஜெயித்தார்கள். குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய் போட்டு கோல் காத்த யென்ஸ் மார்ட்டின் க்னூட்சனை அன்றைக்குப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கிளப்புகளுக்கு 1992-இல் வழி திறந்தது. ஐரோப்பிய சாம்பியன் கிளப்புகளுக்கான போட்டியில் ஆடிய முதல் ஃபாரோ அணி கேஐ. 1991 பட்டத்தின் பலன் அது. லாட்வியாவின் ஸ்கோன்டோ ரீகாவிடம் தோற்று ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினார்கள். 1999 பட்டத்துக்குப் பிறகு கிடைத்த எதிரணி ரெட் ஸ்டார் பெல்கிரேடு, 1991-இல் ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்த கிளப். அங்கேயும் முதல் சுற்றோடு சரி. இப்படித்தான் பல வருடம் போனது. ஜூலையில் இரண்டு ஆட்டம், பிறகு வீடு திரும்பல்.

2019-இல் என்ன மாறியது?

பயிற்சியாளர் மிக்யால் தாமசன் வந்த பிறகு 2016-இல் கோப்பை கிடைத்தது. 1999-க்குப் பிறகு கிளப் தொட்ட முதல் பெரிய கோப்பை அது. 2019-இல் லீக். 2020-இல் எச்பி பட்டத்தைப் பறித்துக்கொண்டது. 2021, 2022 இரண்டும் மறுபடியும் கேஐக்கு. ஏழு வருடம் ஒரே பயிற்சியாளர், ஏறக்குறைய ஒரே அணி. பணக்கார லீக்குகளில் இவ்வளவு பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

2022 சீசன் முடிந்ததும் தாமசன் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாடுக்குப் போனார். போன முதல் வருடமே அந்த அணியை மேல் தரத்துக்கு ஏற்றினார். 2024-இல் நார்வே கோப்பையையும் வென்றார். கேஐ பெற்ற வெற்றிகளில் அவர் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2023 வெற்றிகள் நடந்தது அவருக்குப் பின் வந்த நார்வே நாட்டுக்காரர் மக்னே ஹோசெத்தின் காலத்தில். ஆனாலும் அந்த அணியைக் கட்டியவர் தாமசன்.

ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவை ஆடாமலே ஜெயித்த கதை என்ன?

2020 ஆகஸ்ட், கொரோனா காலம். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியா சாம்பியன் ஸ்லோவான் கேஐயோடு ஆட வந்தது. வந்து இறங்கியதும் பரிசோதனை, அவர்களில் ஒருவருக்குத் தொற்று. ஃபாரோ சுகாதாரத் துறை மொத்தக் குழுவையும் தனிமைப்படுத்தியது. ஸ்லோவான் சளைக்காமல் இன்னோர் அணியைத் திரட்டி விமானத்தில் அனுப்பியது. அந்த அணியிலும் ஒருவருக்குத் தொற்று. ஆட்டம் ரத்தானது, யூஃபா 3-0 என்று கேஐக்கு வெற்றி கொடுத்தது.

அதை வைத்து "சும்மா கிடைத்த வெற்றி" என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதன்பின் நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. அடுத்த சுற்றில் கேஐ சுவிட்சர்லாந்தின் யங் பாய்ஸிடம் 3-1 என்று தோற்று, அதற்கு அடுத்த படியான யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றுக்கு இறங்கியது. அங்கே ஜார்ஜியாவின் டினாமோ டிபிலிசியைச் சொந்த மண்ணில் 6-1 என்று நொறுக்கியது. சோவியத் காலத்தில், 1981-இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற கிளப் டிபிலிசி. அந்த வெற்றியால், தகுதிச் சுற்றுகளில் கடைசியான பிளே ஆஃப் சுற்றை எட்டிய முதல் ஃபாரோ கிளப்பாக கேஐ ஆனது. டப்ளினில் அயர்லாந்தின் டன்டால்க்கிடம் 3-1 என்று தோற்றதால், நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஆடும் குரூப் சுற்று கைநழுவியது.

என்னைக் கேட்டால் கேஐயின் புதிய காலம் அந்த 6-1 அன்றுதான் தொடங்கியது. குரூப் சுற்றுக்கு ஓர் ஆட்டம்தான் பாக்கி என்ற நிலையை வீரர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 2022-இல் நார்வேயின் போடோ கிளிம்டிடம் வெளியில் 3-0 என்று தோற்றபோதும் துவண்டுவிடாமல் வீட்டில் 3-1 என்று ஜெயித்துக் காட்டினார்கள். மொத்தக் கோல் கணக்கில் தோல்விதான். இருந்தாலும் பெரிய அணியைப் பார்த்துப் பயப்படும் காலம் முடிந்துவிட்டது என்பது அதில் தெரிந்தது.

2023-இல் சரியாக என்ன நடந்தது?

முதலில் ஒரு விஷயம். இந்தத் தகுதிச் சுற்றுகளில் ஒவ்வோர் எதிரணியோடும் இரண்டு ஆட்டம், வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. இரண்டிலும் சேர்த்து யார் அதிக கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு அடுத்த சுற்று.

முதல் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஸ். தொடர்ந்து ஐந்து முறை ஹங்கேரி சாம்பியன், முந்தைய சீசனில் யூரோப்பா லீக்கின் கடைசி 16 வரை போன அணி. வீட்டில் 0-0. அதையே நல்ல முடிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். புடாபெஸ்டில் கேஐ 3-0 என்று ஜெயித்தது. ஆர்னி ஃப்ரெடரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், ஐவரி கோஸ்ட்காரர் லுக் காசி ஒரு கோல். தோற்ற கையோடு ஃபெரென்ட்ஸ்வாரோஸின் பயிற்சியாளர் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவின் வேலை போனது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவைக் கால் இறுதிவரை கொண்டுபோனவர் அவர்.

இரண்டாம் சுற்றில் ஸ்வீடன் சாம்பியன் ஹாக்கன். வீட்டில் மறுபடியும் 0-0. கோத்தன்பர்க்கில் கூடுதல் நேரமும் முடிந்து 3-3. பெனால்டி ஷூட் அவுட்டில் கேஐ 4-3.

மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டே. வீட்டில் 2-1 வெற்றி. சாம்பியன்ஸ் லீக் பிளே ஆஃப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மோல்டேயில் கூடுதல் நேரத்தில் 2-0 என்று தோற்று, மொத்தம் 3-2 என்று வெளியேறினார்கள். பயிற்சியாளர் ஹோசெத் முன்பு ஆடிய கிளப்பும் அதே மோல்டேதான்.

தோற்ற பிறகும் எப்படிக் குரூப் சுற்றுக்குப் போனார்கள்?

யூஃபாவின் மூன்று கிளப் போட்டிகளும் படிக்கட்டு மாதிரி. சாம்பியன்ஸ் லீக்கில் இந்தக் கட்டத்தில் தோற்றால் யூரோப்பா லீக் பிளே ஆஃபுக்கு இறங்கலாம். அங்கேயும் தோற்றால், அப்போதைய முறைப்படி மூன்றாவது படியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குரூப் சுற்று. அதனால் ஹாக்கனை ஜெயித்த அன்றே ஏதாவது ஒரு குரூப் சுற்று கேஐக்கு உறுதியாகிவிட்டது. ஃபாரோ கிளப் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பிளே ஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃப் அணியோடு வீட்டில் 1-1, வெளியில் 2-1 தோல்வி. ஆக, கான்ஃபரன்ஸ் லீக்.

குரூப் சுற்றில் எப்படி ஆடினார்கள்?

பிரான்ஸின் லீல், ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லுப்லியானா, கூடவே 2020-இல் நேரில் மோதவே முடியாமல் போன அதே ஸ்லோவான். கிளாக்ஸ்விக்கின் சொந்த மைதானமான வி ஜூப்புமிரார் சின்னது. அதனால் குரூப் ஆட்டங்களைத் தலைநகரின் டோர்ஸ்வோலூர் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது.

ஸ்லோவானிடம் இரண்டு முறையும் 2-1 தோல்வி. ஒலிம்பியாவை வீட்டில் 3-0 என்று ஜெயித்து, வெளியில் 2-0 என்று தோற்றார்கள். லீலிடம் பிரான்ஸில் 3-0 தோல்வி. ஆனால் டோர்ஷாவ்னில் லீலோடு 0-0 டிரா! அதற்கு இரண்டே வருடம் முன்பு, 2021-இல் பிரெஞ்சு லீக்கை பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடமிருந்து பறித்த கிளப் லீல். மொத்தம் 4 புள்ளிகள், கடைசி இடம். அட்டவணையை மட்டும் பார்த்தால் தோல்வி மாதிரி இருக்கும். இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு புள்ளியும் சரித்திரம்.

வீரர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பது உண்மையா?

பெரும்பகுதி உண்மை. முழுநேர ஆட்டக்காரர்கள் சிலர் உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. மற்ற பலர் பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி என்றுதான் இருந்தார்கள். ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஏதோ பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் மாதிரிச் சித்தரிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். புடாபெஸ்டில் போய் ஹங்கேரி சாம்பியனை 3-0 என்று அடிக்க ஒழுங்கான பயிற்சியும் திட்டமும் உடல்தகுதியும் வேண்டும். அவை அவர்களிடம் இருந்தன.

அவ்வளவு மழையிலும் காற்றிலும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள்?

முன்பெல்லாம் சரளைத் தரையில். இப்போது நாடு முழுக்கச் செயற்கைப் புல் மைதானங்கள். 1990-இல் ஒரு புல்தரை இல்லாமல் ஸ்வீடனுக்குப் போனவர்கள் இவர்கள். ஃபாரோ கால்பந்து தரம் உயர்ந்ததற்கு நான் முதல் காரணமாகச் சொல்வது இந்தத் தரைகளைத்தான்.

தீவுவிட்டுத் தீவு எப்படிப் போய்வருகிறார்கள்?

2006 வரை போர்டோய்க்கும் பக்கத்துத் தீவான எய்ஸ்துரோய்க்கும் நடுவில் படகுதான். காற்று அதிகமானால் படகு கிடையாது. 2006 ஏப்ரலில் கடலுக்கடியில் சுமார் 6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்தது. 2020 டிசம்பரில் எய்ஸ்துரோயையும் தலைநகர்த் தீவையும் இணைக்கும் 11 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தது. அதன் நடுவில், கடலுக்கடியில் ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. நடுவில் வெட்டாமல் விட்ட பாறைத் தூண், அதன்மேல் நீலமும் பச்சையுமாக விளக்கு, சுற்றிலும் கைகோத்து நிற்கும் மனித உருவங்கள். உள்ளூர் கலைஞர் டிரோன்டூர் பாடுர்சன் செய்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன டோர்ஷாவ்ன்-கிளாக்ஸ்விக் பயணம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்று சுருங்கிவிட்டது. வேறு தீவில் வேலை பார்க்கும் வீரர் சாயங்காலப் பயிற்சிக்கு நேரத்தோடு வந்துவிட முடிகிறது.

குரூப் சுற்றால் எவ்வளவு பணம் கிடைத்தது?

2023-24 சீசனில் கான்ஃபரன்ஸ் லீக் குரூப் சுற்றில் சேர்ந்தாலே 29.4 லட்சம் யூரோ. ஒரு வெற்றிக்கு 5 லட்சம், ஒரு டிராவுக்கு 1.66 லட்சம். ஆக கேஐக்கு இந்த மூன்றில் மட்டும் சுமார் 36 லட்சம் யூரோ. 5,000 பேர் வாழும் ஊரின் கிளப்புக்கு இது மலை போன்ற தொகை. மற்ற கிளப்புகள் இனி எட்டவே முடியாது என்ற கவலை அப்போதே எனக்கும் இருந்தது. ஆனால் 2024 லீக் பட்டத்தை வைக்கிங்குர் என்ற இன்னொரு ஃபாரோ கிளப் வென்றது. பணம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவில்லை. லீக்குக்கு இது நல்லதுதான்.

பெண்கள் அணி உண்டா?

உண்டு. அவர்களின் சாதனைக்குக் கிட்டே ஆண்கள் அணி வர முடியாது. 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 லீக் பட்டங்கள். ஐரோப்பியப் பெண்கள் கிளப் போட்டிகளிலும் வருடா வருடம் போய் ஆடினார்கள். 2023 ஆண்கள் அணியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இதைத் தொடக்கூட இல்லை. அது சரியில்லை.

லீக் எப்போது நடக்கும்? நேரில் பார்க்கலாமா?

மார்ச் முதல் அக்டோபர் வரை. பத்து அணிகள், 27 சுற்றுகள். ஜூன், ஜூலையில் போனால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஐரோப்பியத் தகுதிச் சுற்றுகள் ஜூலையில் தொடங்குவதால் அந்த மாதம்தான் தோதானது. தலைநகரிலிருந்து கிளாக்ஸ்விக்குக்குச் சுரங்கம் வழியாகப் பேருந்திலேயே போய்விடலாம். கோடையிலும் மழைக் கோட்டு இல்லாமல் மைதானத்துக்குப் போகாதீர்கள். கேஐயும் எச்பியும் மோதும் நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.